பங்கர் கிடந்த மூலை

எங்கள் வீட்டுக் குசினிக் கதவைச் சாத்துவதற்குத் தனியான ஒரு முறை இருந்தது. கோடை காலத்தில் கைப்பிடியைப் பிடித்துக் கதவை அரை அங்குலம் மேலே தூக்கி, அதன் பிறகு தோளால் தள்ள வேண்டும். மாரி தொடங்கி மூன்று நான்கு கிழமைகள் போனால் அது தானாகவே இலேசாகிவிடும். வீட்டிலுள்ள எல்லோருக்கும் அந்த முறை கைவந்திருந்ததால் அதை யாரும் ஒரு குறையாகக் கருதவில்லை. யாராவது வந்திருக்கும்போது மட்டும் அம்மா எழுந்து சென்று தானே சாத்திவிட்டு வருவார். மரம் வெயிலுக்கும் மழைக்கும் அப்படித்தான் செய்யும் என்று சொல்லி, தம்பி இரண்டு தடவை கதவின் அடிப்பக்கத்தைச் சீவினான். மழைக்கு மரம் ஊறிப் பருப்பதுதான் காரணம் என்றால் கதவு மாரியில் அல்லவா இறுக வேண்டும்? இந்தக் கேள்வியைப் பத்து ஆண்டுகளாக நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கதவுக்கு மேலே, நிலையின் வலது மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சாய்வாக ஏறிய வெடிப்பையும் கதவையும் சேர்த்துப் பார்க்கவும் இல்லை.

நாங்கள் இருப்பது முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய்ப் பிரிவில், வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களுக்கு அருகில். இலங்கையின் மண் வரைபடத்தைப் பார்த்தால் முருங்கன் பக்கமும் துணுக்காய்ப் பக்கமும் கறுப்புக் களிமண் தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். மண்ணியல் நூல்கள் அதைக் குருமுசோல் என்று அழைக்கின்றன. மழைநீரை உறிஞ்சி உப்புவதும் கோடையில் சுருங்கி வெடிப்பதும் அந்த மண்ணின் இயல்பு. ஆவணி, புரட்டாதி மாதங்களில் எங்கள் வளவின் கீழ்ப்பக்கத்தில் விழும் வெடிப்புகளுக்குள் என் கை முழங்கை வரை இறங்கும். ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் நெல்லுக்கு அது உகந்த மண். ஆனால் அதே மண்ணின் மேல் வீட்டைக் கட்டினால், அந்த வீடு ஆண்டுக்கு ஒரு தடவை தூக்கப்பட்டும் ஒரு தடவை இறக்கப்பட்டும் கொண்டிருக்கும். எல்லா மூலைகளும் ஒரே அளவில் தூக்கப்படுவதில்லை என்பதுதான் சிக்கல்.

2008 இன் நடுப்பகுதியில் நாங்கள் போரால் இடம்பெயர்ந்தபோது இந்த வளவில் ஓட்டு வீடொன்று இருந்தது. 2010 இல், இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக்பாம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கிணற்றுக் கட்டும், பழைய விறாந்தையின் இரண்டு படிகளும் மட்டுமே எஞ்சியிருந்தன. மூன்று ஆண்டுகள் தகரக் கொட்டிலில் இருந்த பின்னர், 2013 இல், போரில் வீடிழந்தவர்களுக்கு இந்திய அரசு பணம் கொடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் அம்மாவின் பெயர் வந்தது. 550,000 ரூபாய், 550 சதுர அடி, இரண்டு அறைகள், ஒரு கூடம், ஒரு குசினி. பணம் கட்டங்கட்டமாக வரும். ஒரு கட்டத்து வேலை முடிந்ததைப் பார்த்த பிறகே அடுத்த கட்டத்துக்கான தொகை வங்கிக்கு வரும். அந்த ஆண்டுகளில் வன்னி முழுவதும் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பிக்கொண்டிருந்ததால் மேசன்மாரும் கிடைக்கவில்லை, மணலும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றின் விலை நாளுக்கு நாள் ஏறியது. அம்மா தன் சங்கிலியை அடகு வைத்துத்தான் கூரையை முடித்தார். மழைக்கு முன் அத்திவாரத்தை எழுப்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் இரண்டடி ஆழத்துக்கு வெட்டி, கருங்கல் அடுக்கி, அதன் மேல் கம்பி போட்ட கொங்கிறீற்றுப் பட்டி எதுவும் இல்லாமல் நேராகச் சீமெந்துக் கல் வைத்துச் சுவர் எழுப்பினோம். அன்று வேலை செய்த மேசனை நான் குறை சொல்லமாட்டேன். அவர் ஒரே நேரத்தில் நான்கு வீடுகளில் நின்றார். எங்களுக்கும் அத்திவாரத்தைப் பற்றி அவரிடம் கேட்பதற்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை.

வெடிப்பு முதல் கோடையிலேயே தெரிந்தது. 2016 கோடையில் வெள்ளையடிக்கும்போது அதைச் சாந்தால் அடைத்தோம். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்த பிறகு எங்கள் சுவரும் புதிதாக இரண்டு இடங்களில் வெடித்தது. அடுத்த கோடையில் அவற்றையும் சேர்த்து அடைத்தோம். 2022 இல் ஒரு பை சீமெந்து 3,000 ரூபாயைத் தாண்டியிருந்த காலத்தில், சீமெந்து வாங்க மனமில்லாமல் சுவருக்குப் பூசும் பட்டிப் பசையை (putty) மட்டும் தடவினோம். ஆக மூன்று தடவை அடைத்திருக்கிறோம், மூன்று தடவையும் கோடையில்தான் அடைத்திருக்கிறோம். வேலைக்கு வசதியான காலம் அதுதான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருக்கவில்லை.

பின்னர்தான் விளங்கியது, அந்தக் காலம்தான் மிகத் தவறானது என்று. கோடையின் முடிவில் களிமண் உச்ச அளவுக்குச் சுருங்கியிருக்கும். வெடிப்பும் உச்ச அளவுக்கு விரிந்திருக்கும். அப்போது அதற்குள் இறுகிய சாந்தை நிரப்பிவிட்டால், கார்த்திகையில் மண் உப்பிச் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப முயலும்போது அந்தச் சாந்து ஆப்பைப் போல் நடுவில் நின்று தடுக்கும். சுவர் எப்படியும் அசையும். பழைய வெடிப்பு மூட முடியாததால் அதற்குப் பக்கத்தில் புதிய இடத்தில் வெடிக்கும். எங்கள் குசினிச் சுவரில் ஒன்றாகத் தொடங்கிய வெடிப்பு மூன்றாகப் பிரிந்திருந்ததற்கு எங்கள் கைகளே காரணம்.

இதை எனக்கு விளக்கியவர் அம்மாவின் வழி உறவினரான, ஓய்வு பெற்ற தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர். 2023 புரட்டாதியில் வீட்டுக்கு வந்தவர், தேநீர் குடித்துவிட்டு எழும்பும்போது கதவை அம்மா தூக்கிச் சாத்துவதைக் கண்டார். திரும்பி வந்து சுவரைப் பார்த்தார். "பிள்ளை, ஒரு வருசத்துக்கு இதிலை ஒண்டும் பூசாதேங்கோ. எழுதி வையுங்கோ," என்றார். அந்த ஒரு வருடம்தான் இந்த வேலை முழுவதிலும் நாங்கள் செய்த மிகப் பயனுள்ள வேலை என்று இப்போதும் நான் நம்புகிறேன்.

எழுதி வைப்பது எப்படி என்பதையும் அவரே காட்டினார். வெடிப்பின் இரண்டு நுனிகளிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டு அருகில் திகதியை எழுத வேண்டும்; அது நீண்டுகொண்டு போகிறதா என்பது அதில் தெரியும். வெடிப்பின் இரு பக்கத்திலும் ஒவ்வோர் ஆணியை அடித்து, ஆணித் தலைகளுக்கு இடையிலான தூரத்தை மாதத்துக்கு ஒரு தடவை அளக்க வேண்டும். உடைந்த படச் சட்டமொன்றின் கண்ணாடியை ஓரங்குல அகலத்தில் வெட்டி, வெடிப்புக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனைகளையும் மட்டும் சீமெந்தால் ஒட்ட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும். தம்பி இதற்கென்று பழைய பாடசாலைக் கொப்பி ஒன்றை எடுத்துக்கொண்டான். முதல் கண்ணாடி ஐப்பசி கடைசியில், மழை தொடங்கிப் பத்து நாட்களில் உடைந்தது. ஆணிகளுக்கு இடையே புரட்டாதிக்கும் மார்கழிக்கும் நடுவில் ஏறத்தாழ கால் அங்குல வேறுபாடு இருந்தது. சுவர் மூச்சு விடுகிறது என்று அம்மா சொன்னார். கொப்பியில் பார்த்தால் உண்மையில் அப்படித்தான் இருந்தது.

இன்னொரு அளவும் எடுத்தோம். மேசன்மார் மட்டம் பிடிக்கப் பயன்படுத்தும் ஒளிபுகும் குழாயில் நீரை நிரப்பி, வீட்டின் நான்கு மூலைகளிலும் முதலாவது கல்வரியின் உயரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது. குழாய்க்குள் காற்றுக் குமிழி ஒன்றுகூட இருக்கக் கூடாது என்பதைத் தவிர இதில் கடினம் எதுவுமில்லை. இரண்டு பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மூன்று மூலைகள் ஒன்றுக்கொன்று கால் அங்குலத்துக்குள் இருந்தன. குசினி மூலை மட்டும் ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. மாரியில் கொஞ்சம் எழும்பியது, ஆனால் மற்றவற்றின் மட்டத்துக்கு வரவேயில்லை. களிமண் உப்பிச் சுருங்குவது வீடு முழுவதற்கும் பொதுவானது. இந்த மூலைக்கு மட்டும் வேறு ஏதோ இருந்தது.

அதை எங்களுக்குச் சொன்னது அம்மாதான். 2024 ஆனியில் ஒரு பின்னேரம், தம்பி அந்த மூலையின் வெளிப்பக்கத்தில் அத்திவாரத்தைத் திறந்து பார்ப்பதற்காக மண்ணை வெட்டிக்கொண்டிருந்தான். அம்மா குசினிப் படியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே, "அதிலைதானே பங்கர் கிடந்தது," என்றார்.

நானும் அந்தப் பங்கருக்குள், போர்க்காலப் பதுங்குகுழிக்குள், இருந்தவள்தான். ஆனால் பழைய வீடு, வேலியோரத்து மாமரம், பழைய குசினி என்று இடத்தை அடையாளம் காட்டிய எல்லாமே போன பிறகு எனக்கு வளவின் திசையே மாறிப்போயிருந்தது. புதிய வீட்டை ஒழுங்கை முகமாகத் திருப்பிக் கட்டியிருந்தோம். அம்மா எழும்பி வந்து, கிணற்றுக் கட்டிலிருந்து காலடியால் அளந்து காட்டினார். 'ட' வடிவத்தில், ஒரு கை வேலிப் பக்கமாகவும் மற்றக் கை இப்போது குசினி மூலை நிற்கும் இடத்துக்கும் நீண்டிருந்தது. அப்பா இரண்டு நாட்களில் வெட்டியது. மேலே பனங்குற்றிகளை அடுக்கி, உரப்பைகளில் மண் நிரப்பி மூடியிருந்தார். 2010 இல் திரும்பி வந்த பிறகு, பாம்பு சேர்ந்துவிடும் என்ற பயத்தில், உடைந்த ஓடும் கருகிய மரமும் குப்பையும் மண்ணும் போட்டு நாங்களே அதை நிரப்பினோம். இடித்து இறுக்கவில்லை, நனைக்கவில்லை. அதன் மேலே புல் முளைத்தது. 2013 இல் அத்திவாரம் வெட்டும்போது அந்த மூலை மட்டும் வெட்டுவதற்கு இலேசாக இருந்தது என்று நாங்கள் மகிழ்ந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மாவுக்கு அந்த இடம் அப்போதும் தெரியும். அது வீட்டுக்கு ஒரு பொருட்டு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வன்னியில் இப்படியான வீடுகள் எத்தனை இருக்கும் என்று நான் அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். பங்கர் இல்லாத வளவு அந்த ஆண்டுகளில் அரிது. திரும்பி வந்தவர்கள் எல்லோருமே அவசரமாக அவற்றைத் தூர்த்தார்கள். உங்கள் வீட்டின் ஒரு மூலை மட்டும் தொடர்ந்து கீழே போகிறது என்றால், மேசனை அழைப்பதற்கு முன்னர் வீட்டிலுள்ள பெரியவர்களை வளவுக்குள் நடத்திக் கூட்டிச் சென்று, பங்கர் எங்கே கிடந்தது, பழைய மலசலகூடக் குழி எங்கே இருந்தது, தூர்த்த கிணறு ஏதும் உண்டா என்று கேளுங்கள். அந்த நினைவு வேறு எந்தப் படத்திலும் இல்லை.

வேலையை 2024 ஆடியில் தொடங்கினோம். உறவினரான அந்த உத்தியோகத்தர் முறையை எழுதித் தந்தார். அனுபவமுள்ள மேசன் அண்ணை ஒருவரைக் கூலிக்கு வைத்துக்கொண்டு, மண் வெட்டுவதையும் சுமப்பதையும் குழைப்பதையும் நானும் தம்பியும் செய்தோம். நின்றுகொண்டிருக்கும் சுவரின் அடியில் வெட்டும் வேலையை அனுபவமில்லாதவர்கள் தனியே செய்யக் கூடாது என்பதை இங்கே வலியுறுத்தியே ஆக வேண்டும். முதலில் குசினிக் கூரையின் பாரம் சுவரில் இறங்காதபடி உள்ளே மரங்களை முட்டுக் கொடுத்தோம். பிறகு, தாழ்ந்திருந்த மூலையின் இரு பக்கமுமாகப் பன்னிரண்டு அடி நீளத்தை மூன்றடித் துண்டுகளாக நான்காகப் பிரித்து, சுவரில் இலக்கமிட்டோம். ஒன்றாவது துண்டையும் மூன்றாவது துண்டையும் முடித்து, அவை இறுகிய பின்னரே இரண்டாவதையும் நான்காவதையும் தொட வேண்டும். அடுத்தடுத்த இரண்டு துண்டுகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவருக்குத் தாங்குதல் இருக்காது.

பங்கரின் அடித்தளத்துக்குக் கீழே கெட்டியான மண் ஐந்தரை அடியில் வந்தது. குழியின் பக்கங்கள் சரியாமல் பலகை வைத்து நெம்பினோம். ஒருவர் உள்ளே இறங்கினால் ஒருவர் கட்டாயம் மேலே நிற்க வேண்டும் என்பது விதி. மூன்றாவது துண்டில் மூன்றடி ஆழத்தில் தம்பியின் அலவாங்கு இரும்பில் பட்டது. உடனே வெளியே ஏறி, குழியைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டுக் கிராம சேவையாளருக்கு அறிவித்தோம். உரியவர்கள் வந்து பார்க்கும் வரை இரண்டு நாட்கள் வேலை நின்றது. அது ஒரு டிரங்குப் பெட்டியின் மூடி. அந்த இரண்டு நாட்களும் வீணானவை என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் மண்ணுக்குள் இரும்பு தட்டுப்பட்டால், வெடிக்காத குண்டாக இருக்கலாம் என்பதால் அதைக் கையால் கிளறிப் பார்ப்பதில்லை.

பனங்குற்றிகள் இருந்தன. வெளிவைரம் மட்டும் கறுத்த ஓடு போல நின்றது. உள்சோற்றி முழுவதும் போய், நடுவில் கை நுழையும் வெற்றிடம். அந்த ஓட்டைகளுக்குள் மண் ஆண்டுதோறும் சரிந்து இறங்கியதுதான் எங்கள் ஒன்றரை அங்குலம். உரப்பை ஒன்றின் நைலோன் இழைகள் அப்படியே இருந்தன. அதற்குள் இருந்த மண் இன்னும் பையின் வடிவத்திலேயே உறைந்திருந்தது. அப்பா கட்டிய முடிச்சு அதில் அவிழாமல் இருந்தது. தம்பி அதை எடுத்துப் படியில் வைத்தான். அம்மா சிறிது நேரம் அதை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

ஒவ்வொரு துண்டிலும், ஒரு பங்கு சீமெந்துக்கு மூன்று பங்கு மணலும் ஆறு பங்கு சல்லியுமாகக் குழைத்த கொங்கிறீற்றைப் பழைய அத்திவாரத்தின் அடிக்கு மூன்று அங்குலம் கீழே வரை நிரப்பினோம். அந்த மூன்று அங்குல இடைவெளிதான் இந்த வேலையின் உயிர். கொங்கிறீற்று இறுகும்போது சிறிது சுருங்கும். அதை அத்திவாரத்தோடு முட்டும்படி ஊற்றிவிட்டால், இறுகிய பிறகு மயிரளவு இடைவெளி விழுந்து சுவர் மறுபடியும் இறங்கும். ஆகவே இரண்டு நாட்கள் விட்டு, கையால் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவுக்கு மட்டும் ஈரமான, ஒன்றுக்கு மூன்று கலவையை அந்த இடைவெளிக்குள் திணித்து, மரக்கட்டையை வைத்துச் சுத்தியலால் அடித்து அடித்து இறுக்க வேண்டும். அதற்குள் ஒரு தாச்சி கலவை போகும் என்று பார்த்தால் இரண்டரைத் தாச்சி போகும். நான்கு துண்டுகளுக்கும் 13 பை சீமெந்து முடிந்தது. சனி ஞாயிறுகளிலேயே வேலை செய்ததால் ஆறு கிழமைகள் பிடித்தன.

சுவருக்கு வெளியே எஞ்சியிருந்த பங்கர்க் குழியிலிருந்து குற்றிகளையும் குப்பைகளையும் முழுவதுமாக அகற்றினோம். ஆறு அங்குலத்துக்கு ஒரு படையாகக் கிரவல் போட்டு, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து நிரப்பினோம். கிரவலை நிலமட்டம் வரை கொண்டுவந்தால், களிமண்ணுக்கு நடுவில் அது ஒரு தொட்டியாகி மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் மேலோரடியைக் களிமண்ணாலேயே மூடி இடித்தோம்.

இத்தோடு மூலையின் பிரச்சினை தீர்ந்தது. ஆனால் வீடு முழுவதும் ஆண்டுதோறும் எழும்பி இறங்கும் பிரச்சினை அப்படியே இருந்தது. களிமண்ணை மாற்ற முடியாது. அதன் ஈரத்தை அதிகம் மாறவிடாமல் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டுக்குக் கூரை நீரை ஏந்தும் பீலி இருக்கவில்லை. 550 சதுர அடிக் கூரையில் ஓரங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,300 லீற்றர் நீர். அது அத்தனையும் தாவாரத்தால் நேராக அத்திவாரத்தின் காலடியில் விழுந்து ஊறும். கோடையில் அதே இடம் வெயிலில் காய்ந்து, அத்திவாரக் கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் இரண்டு விரல் அகலத்துக்கு இடைவெளி விழும். அடுத்த மழையின் முதல் நீர் அந்த இடைவெளியால் அத்திவாரத்தின் அடிக்கே போகும். இதைவிடக் கெடுதலான ஏற்பாட்டை யாரும் வேண்டுமென்று செய்திருக்க முடியாது.

ஆகவே பிளாஸ்ரிக் பீலி பூட்டி, நீரைக் குழாய் வழியாக வீட்டிலிருந்து இருபதடி தள்ளி வாழைப்பாத்திக்கு விட்டோம். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்தில், மூன்று அங்குலத் தடிப்பில் கொங்கிறீற்றுத் தளம் போட்டு, வெளிப்பக்கம் இரண்டு அங்குலம் சரிவு வைத்தோம். 11 பை சீமெந்தும், முக்கால் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) சல்லியும், அரைக் கியூபுக்குச் சற்றுக் குறைவான மணலும் போதுமாக இருந்தன. ஆறடிக்கு ஒரு தடவை மெல்லிய சட்டம் வைத்துத் தளத்தைத் துண்டுகளாகப் பிரித்தோம். சுவரோடு ஒட்டும் இடத்திலும் தளத்தைச் சுவரோடு கட்டிவிடாமல் இடைவெளி விட்டுத் தார் ஊற்றினோம். தளம் தன்பாட்டில் அசைய வேண்டும், வீட்டை இழுக்கக் கூடாது.

பீலி பூட்டும்போது குசினிக்கு மேலேயிருந்த அஸ்பெஸ்ரஸ் சீற்றின் ஓரத்தை வெட்ட வேண்டியிருந்தது. இலங்கையில் நீல அஸ்பெஸ்ரஸ் 1987 இலேயே தடை செய்யப்பட்டது. கூரைக்கு இப்போதும் விற்பனையாவது வெள்ளை வகை. அதன் தூசியும் நுரையீரலுக்கு நஞ்சுதான். மின்வாளால் உலர்வாக வெட்டுவதை ஊரில் நாள்தோறும் காண்கிறேன், பிள்ளைகள் பக்கத்தில் நின்று பார்க்கிறார்கள். நாங்கள் சீற்றை நனைத்து, கைவாளால் மெதுவாக வெட்டி, தூளை ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் பையில் கட்டிப் புதைத்தோம். துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

வேம்பைப் பற்றி வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. குசினியிலிருந்து எட்டடியில், 2010 இல் அம்மா நட்ட மரம். வளர்ந்த மரம் கோடையில் களிமண்ணின் ஈரத்தை ஆழம் வரை உறிஞ்சிச் சுருக்கத்தைக் கூட்டும் என்பது உண்மை. தறித்துவிடலாம் என்றான் தம்பி. ஆனால் பல ஆண்டுகளாக மரம் உலர்த்தி வைத்திருந்த மண், மரம் போனதும் மெல்ல மெல்ல ஈரமேறி உப்பத் தொடங்கும். அப்போது வீடு மறுபக்கமாகத் தூக்கும். ஆகவே தறிக்காமல், ஆண்டுக்கு ஒரு தடவை கொப்புகளைக் கழித்து மரத்தின் தாகத்தைக் குறைப்பது என்று முடிவானது. நிழலை இழக்காததில் அம்மாவுக்கு மகிழ்ச்சி, எனக்கும்தான்.

2024 கார்த்திகைக் கடைசியில் பெய்த பெருமழையில் நாங்கள் தூங்கவில்லை. காலையில் தம்பி கைவிளக்கோடு போய்க் குசினிக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அக்கா, உடையேல்லை," என்று கூப்பிட்டான். மார்கழியிலும் தையிலும் அது உடையவில்லை. அதன் பிறகே, மண் மிக ஈரமாகவும் இல்லாமல் மிக உலர்வாகவும் இல்லாத 2025 மாசியில், சுவரைத் தொட்டோம்.

பழைய சாந்தையெல்லாம் கொத்தி எடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மூன்று கல்வரிக்கு ஒன்றாக வெடிப்புக்குக் குறுக்கே இரண்டடி நீளத்துக்கு, இரண்டு அங்குல ஆழத்தில் தவாளிப்பு வெட்டினோம். இரு முனையும் வளைத்த 10 மில்லிமீற்றர் முறுக்குக் கம்பியை அதற்குள் வைத்து, நன்றாக நனைத்து, ஒன்றுக்கு மூன்று சாந்தால் நிரப்பினோம். துணியைத் தைப்பது போன்ற வேலைதான்.

மணலில் ஒரு தடவை ஏமாந்தோம். வந்த மணலை ஒரு ஜாம் போத்தலில் இரண்டு அங்குலத்துக்குப் போட்டு, நீரும் ஒரு கரண்டி உப்பும் சேர்த்துக் குலுக்கி மூன்று மணி நேரம் வைத்தேன். மணலின் மேல் படிந்த வண்டல் கால் அங்குலத்துக்கும் கூட. மணலின் உயரத்தில் நூற்றுக்கு 8 பங்குக்கு மேல் வண்டல் இருந்தால் சாந்து சுருங்கி வெடிக்கும். கொண்டுவந்தவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். அந்த லோட் முழுவதும் படலையடிப் பள்ளத்துக்குப் போனது. இப்போது உழவு இயந்திரத்திலிருந்து பறிப்பதற்கு முன்னரே போத்தலோடு நான் நிற்கிறேன். சீமெந்தையும் வேலைக்கு முதல் நாளே வாங்குகிறோம். மூன்று மாதம் கிடந்த சீமெந்து தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழக்கக்கூடும்.

பூச்சு வேலையைப் பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகே தொடங்கினோம். எங்கள் பக்கத்து வெயிலிலும் காற்றிலும் காலையில் பூசினால் மத்தியானத்துக்குள் நீர் வற்றிச் சிலந்தி வலை போல் வெடிப்பு விழுகிறது. ஏழு நாட்கள் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, நாளுக்கு நான்கு தடவை அம்மா நீர் தெளித்தார்.

குசினிக் கதவை இப்போது ஒரு விரலால் சாத்தலாம். தம்பி சீவிய அடிப்பக்கத்தில் மட்டும் வெளிச்சம் தெரிகிறது, அதற்கு ஒரு சட்டம் அடிக்க வேண்டும். கிழக்கு அறை யன்னலின் கீழேயுள்ள வெடிப்பு இன்னும் ஆணிக்கு ஆணி பதினாறில் ஒரு அங்குலம் அசைகிறது. தளம் போட்ட பிறகு வரும் முதல் முழுக் கோடை இதுதான் என்பதால் அதை இன்னும் தொடவில்லை. புரட்டாதி அளவையும் மார்கழி அளவையும் கொப்பியில் எழுதிய பிறகு, அடுத்த மாசியில் பார்க்கலாம் என்று கம்பியை மட்டும் வாங்கி, எண்ணெய் பூசி, பரணில் வைத்திருக்கிறோம்.